பரட்டைன்னா என்னம்மா?

2018 கோடை விடுமுறைக்கு அமெரிக்காவிலிருந்து மதுரை போயிருந்தோம். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே என் அம்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு திண்ணையில் உட்கார்ந்து, பேத்தியை முழங்கால்களுக்கு நடுவே இருத்திக்கொண்டார். கையில் நெருக்கமான பல் வைத்த சீப்பு. எனக்கும் என் தங்கைக்கும் வாரிவிட்ட பழக்கத்திலேயே உச்சியில் வைத்துக் கீழே இழுத்தார். சீப்பு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பிள்ளை வீலென்று கத்தினாள்.

"என்னடி இது, இப்படிப் பரட்டையா கிடக்கு! குருவிக்கூடு மாதிரி! அங்க தலையே வார மாட்டீங்களா?"

அம்மா கோபத்தில் சொல்லவில்லை. அவருடைய அம்மா அவரிடம் சொன்னதை, அவர் என்னிடம் சொன்னதை, பேத்தியிடமும் சொன்னார். அவ்வளவுதான். அன்று ராத்திரி கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு மகள் கேட்டாள்: "பரட்டைன்னா என்னம்மா?"

"வாராத தலை" என்றேன்.

"அம்மாச்சி வாரினாங்களே?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வாரினாலும் பரட்டை, வாராவிட்டாலும் பரட்டை என்றால், குறை வாரியதில் இல்லை, முடியில்தான் என்று அவள் புரிந்துகொள்வாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது போதும்.

என் கணவர் நியூ ஜெர்சியில், நியூவார்க்கில் பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர். அவருடைய அம்மா தெற்கு கரோலைனாவில் பிறந்து, எட்டு வயதில், 1956-ல், பெற்றோருடன் ரயிலேறி வடக்கே வந்தவர். தெற்கின் பருத்திக் காடுகளையும் அங்கே இருந்த நிறவெறிச் சட்டங்களையும் விட்டு லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் வடக்கே கிளம்பிய காலம் அது. கல்யாணமான புதிதில் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், எங்கள் ஊரில் மாமியாரை அத்தை என்போம் என்று சொன்னேன். அந்தச் சொல் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. இன்றுவரை அத்தைதான். மகளுக்கு அவர் 'நானா'.

மதுரையில் நடந்ததை அத்தையிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் என் அம்மாவைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ தன் காது மடலின் மேல்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பழைய தழும்பு ஒன்று இருந்தது. சனிக்கிழமை ராத்திரிகளில், மறுநாள் தேவாலயத்துக்குப் போவதற்காக, இரும்புச் சீப்பை அடுப்பில் காயவைத்து அவருடைய அம்மா முடியை நீவி நேராக்குவாராம். "காதைப் பிடிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே இழுக்கும்போது ஒருமுறை சுட்ட தழும்பு. எல்லா வீட்டிலும் அம்மாக்கள் அதைப் பாசத்தோடுதான் செய்தார்கள் என்றார் அத்தை. நேராகத் தொங்கினால் அது 'நல்ல முடி'. சுருண்டு நின்றால் 'கெட்ட முடி'. அக்கா தங்கைகளுக்குள்ளேயே இப்படித் தரம் பிரித்திருக்கிறார்கள்.

இதில் எல்லாவற்றையும்விட இழிவான சொல் 'நாப்பி'. துணியை உரசினால் மேலே பஞ்சு மாதிரி எழும்புமே, அதற்கு ஆங்கிலத்தில் 'நாப்' என்று பெயர். அதிலிருந்து வந்த சொல். அடிமைக் காலத்தில் கறுப்பினத்தவரின் தலைமுடியை ஆட்டு ரோமம் என்று பலர் எழுதினார்கள். அவர்கள் முடி என்ற பெயரைக்கூடத் தரவில்லை. மனிதரை மனிதராகப் பார்க்காமலிருக்க அப்படி ஒரு சொல் வசதியாக இருந்திருக்கிறது.

நான் அந்தச் சொல்லை முதலில் கேட்டது 2007 ஏப்ரலில். படிக்க வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி தேசிய இறுதிப் போட்டிவரை போய்த் தோற்றிருந்தது. மறுநாள் டான் ஐமஸ் என்ற வானொலித் தொகுப்பாளர் அந்த அணிப் பெண்களை, இந்தச் சொல்லோடு இன்னொரு கெட்ட வார்த்தையும் சேர்த்து, நேரலையில் கேலி செய்தார். ஒரே வாரத்தில் அவருடைய நிகழ்ச்சி போனது. நியூ ஜெர்சி முழுக்க அதே பேச்சு. அது வாயில் எடுக்கக் கூடாத சொல் என்று அன்றைக்கு மனதில் பதிந்துவிட்டது.

அதனால்தான் பல வருடம் கழித்து, அத்தை என் மகளை மடியில் போட்டுக்கொண்டு, அதே சொல்லைச் சொல்லி, 'என் நாப்பித் தலைக் கண்ணே' என்கிற மாதிரி கொஞ்சியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகளோ சொக்கிப்போய்ச் சிரித்தாள். அந்தச் சொல் அவள் தலையில் விழுந்த விதமே வேறு. அத்தையின் விரல்கள் அப்போது அவள் முடிக்குள் இருந்தன.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். அந்த வருடம் ஜூலையில் வீட்டுப் பின்கட்டில் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தபோது, ஓடி வந்த மகளைத் தூக்கி, அத்தை சொன்ன அதே சொல்லை நானும் சொல்லிக் கொஞ்சினேன். பேச்சு சட்டென்று நின்றது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் நாத்தனார் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை.

அவர் சொன்னது 1998-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்தது. ஒரு வெள்ளைக்கார இளம் ஆசிரியை, தன் வகுப்பிலிருந்த கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் வாசித்துக் காட்டினார். கறுப்பின எழுத்தாளர் ஒருவர் அந்த முடியைக் கொண்டாடி எழுதிய புத்தகம்தான். தலைப்பிலேயே அந்தச் சொல் இருந்தது. பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் புத்தகத்தின் சில பக்கங்கள் மட்டும் கறுப்பு வெள்ளை நகலாகப் பெற்றோர் கைக்குப் போக, பெரிய சண்டையாகி, கடைசியில் அந்த ஆசிரியை பள்ளியையே மாற்றிக்கொண்டு போய்விட்டார். "அவங்க மனசுல கெட்டது இல்ல. உன் மனசுலயும் இல்ல. ஆனா அந்தச் சொல்லால நீ அடி வாங்கினதில்லையே" என்றார் நாத்தனார்.

எனக்கு அழுகை வந்தது. பெற்ற பிள்ளையைக் கொஞ்ச ஒரு சொல் எனக்கு இல்லையா என்றுகூடத் தோன்றியது. இப்போது யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி. ஒரு வசைச் சொல்லை மீட்டெடுக்கும் உரிமை, அந்த வசையைத் தாங்கியவர்களுக்கு. பாரிஸிலும் ஐவரி கோஸ்ட்டின் அபிஜானிலும் பிரெஞ்சு பேசும் கறுப்பினப் பெண்கள் அதே 'நாப்பி'யை இயற்கை, மகிழ்ச்சி என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் சேர்க்கையாக மாற்றி, பெருமையாகச் சூடிக்கொண்டார்கள். அமெரிக்காவில் இன்னும் பலருக்கு அந்தச் சொல் நெஞ்சில் குத்தும். அத்தை கொஞ்சுவதற்குச் சொல்வார், நாத்தனார் சொல்லவே மாட்டார். ஒரே வீட்டில் இப்படி. நாளைக்கு என் மகள் எடுத்துக்கொள்வாளா, வேண்டாமென்று விடுவாளா என்பது அவள் பாடு. நான் அதைத் தொடுவதில்லை.

அப்புறம் எனக்கென்று என்ன இருக்கிறது? 'பரட்டை' இருக்கிறது. 'குருவிக்கூடு', 'அடங்காத முடி', 'காடு', 'முரட்டு முடி' எல்லாம் இருக்கின்றன. இவை என் சொற்கள். என் வாயிலிருந்தும் என் அம்மா வாயிலிருந்தும் வருபவை. நான் வேலை செய்ய வேண்டிய இடம் இதுதான் என்று பிடிபட்டது.

முதலில் தலை அலசக் கற்றுக்கொண்டேன். கை பழகாமல் வாய் மாறாது என்பது என் அனுபவம். இழுக்கும்போது பிள்ளை அழுதுகொண்டிருந்தால், "உன் முடி ரொம்ப அழகு" என்று என்ன சொன்னாலும் அது அவள் காதில் ஏறாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணி நேரம் ஒதுக்கினோம். அந்த நாளுக்கு இங்கே 'வாஷ் டே' என்று பெயர், ஒரு சின்னப் பண்டிகை மாதிரி. வாரம் ஒருமுறை அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை போதும், தினம் கூடாது. காய்ந்த தலையில் சீப்பு வைக்கவே கூடாது. என் அம்மா செய்த தவறு அதுதான். தண்ணீர் தெளித்து, தலையை நாலு பாகமாகப் பிரித்து, மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்கிவிட வேண்டும். நாலாவதில் கண்டிஷனரைத் தாராளமாக, வெண்டைக்காய் போல வழுக்கும்வரை தடவ வேண்டும். சிக்கை முதலில் விரலால் எடுக்க வேண்டும். பிறகுதான் அகலப் பல் சீப்பு, அதுவும் நுனியிலிருந்து. நுனியில் ஓர் அங்குலம், அது விட்டதும் அதற்கு மேலே ஓர் அங்குலம் என்று வேரை நோக்கி ஏற வேண்டும். இடது கையால் வேர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் இழுப்பு தலைத்தோலுக்குப் போகாது. பிள்ளைக்கு வலிக்காது. இந்த ஒரு விஷயத்தை அத்தை என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்.

பிடரியில், கழுத்துக்கு மேலே இருக்கும் முடிக்கு அவர்கள் 'கிச்சன்' என்று சொல்கிறார்கள். அங்கேதான் சுருள் மிகவும் இறுக்கம், சட்டைக் காலரில் உரசி உரசிச் சிக்கும் அதிகம், தோலும் மிருதுவானது. பிள்ளை களைத்துப் போவதற்கு முன்னால், முதல் பாகமாக அதை எடுத்துவிட வேண்டும்.

தேங்காய் எண்ணெய் பற்றி நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. நேரான முடியில் தலைத்தோலின் எண்ணெய்ப்பசை வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். இறுகச் சுருண்ட முடியில் ஒவ்வொரு வளைவிலும் அது நின்றுவிடும். அதனால்தான் நுனி வறண்டு போகிறது. வறண்ட முடிக்கு மேலே எண்ணெய் மட்டும் வைத்தால் பலன் இல்லை. முதலில் தண்ணீர், அதன் மேல் எண்ணெய், அதற்கும் மேல் கிரீம். பிறகு இரண்டிரண்டு புரியாகத் திரித்து 'ட்விஸ்ட்' போட்டுவிட்டால் ஒரு வாரம் தாங்கும். ராத்திரி சாட்டின் துணியில் தைத்த தொப்பி, இல்லாவிட்டால் சாட்டின் தலையணை உறை. பருத்தி உறை ஈரத்தை உறிஞ்சிவிடும்.

பின்னல் இறுக்கமாக இருந்தால் நெற்றியோரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் எழும், புருவத்தை உயர்த்தினால் பிள்ளை முகம் சுளிப்பாள். உடனே அவிழ்த்துவிடுங்கள். எவ்வளவு நேரம் எடுத்துப் போட்ட பின்னலாக இருந்தாலும் சரி. வருடக்கணக்கில் இழுபட்ட நெற்றியோர முடி பிறகு முளைக்காமலே போகலாம்.

கை பழகப் பழக, என் சொற்களில் பாதி பொய் என்று தெரிந்தது. 'முரட்டு முடி' என்போம். தனித்தனி இழையாக எடுத்துப் பார்த்தால் என் மகளுடையது என்னுடையதைவிட மெல்லியது, விரலில் வைத்தால் தெரியக்கூட மாட்டேன் என்கிறது. பார்த்துப் பார்த்துத் தொட வேண்டிய முடி அது. 'வளரவே மாட்டேங்குது' என்போம். வளர்கிறது. சுருண்டு மேலேறி நிற்பதால் தெரிவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி முன்னால், அவள் காதோரத்தில் ஒரே ஒரு சுருளைப் பிடித்து மெதுவாகக் கீழே நீட்டினேன். தாடையைத் தாண்டி, தோளைத் தாண்டி, மார்புவரை வந்தது. விட்டேன். ஸ்பிரிங் மாதிரி துள்ளிக் காதுக்கே போய்விட்டது. "இன்னொரு தடவ!" என்றாள். பத்துப் பதினைந்து தடவை செய்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'குட்டை முடி' என்ற பேச்சு இல்லை.

சொற்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். 'படிய மாட்டேங்குது' என்று வாய் வரை வரும், 'நிமிர்ந்து நிக்குது' என்று சொல்வேன். 'காஞ்சு போச்சு' வரும், 'தண்ணி கேக்குது' என்பேன். செயற்கையாகத்தான் இருந்தது முதலில். ஆறு மாதத்தில் பழகிவிட்டது.

வெளியே இருந்து வரும் சொற்களுக்கு வேறு வழி வேண்டியிருந்தது. 2019 இலையுதிர் காலத்தில் பள்ளியில் வகுப்புப் படம் எடுக்கும் நாளுக்கு முன்னால், என் மகளின் பையில் மட்டும் ஒரு சீட்டு வந்தது. நாளை தலைமுடி நேர்த்தியாக இருக்கட்டும் என்று. மற்றப் பிள்ளைகளுக்கு வரவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கோபத்தில் எழுதிய நீண்ட கடிதத்தை நாத்தனார் வாங்கிக் கிழித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேள் என்றார். கேட்டேன்: "நேர்த்தி என்றால் என்னவென்று சொல்ல முடியுமா?" ஆசிரியை யோசித்தார், கையால் தலையைக் கீழே அமுக்குவது போலக் காட்டினார், பிறகு அவரே நிறுத்திக்கொண்டு முகம் சிவந்தார். மன்னிப்புக் கேட்டார். மகள் ட்விஸ்ட்களோடு போய்ப் படத்தில் முன்வரிசையில் நின்றாள். அதற்குப் பிறகு 'நீட்', 'ப்ரொஃபஷனல்', 'ஒழுங்கு' போன்ற சொற்கள் முடியைப் பற்றி வரும்போதெல்லாம் இதே கேள்வியைத்தான் கேட்கிறேன். விளக்கிச் சொல்லும்போது சொன்னவருக்கே அதன் அர்த்தம் கேட்டுவிடுகிறது.

அந்த டிசம்பரில் எங்கள் மாநிலத்தில் சட்டமே வந்தது. அதற்குச் சரியாக ஒரு வருடம் முன்னால், 2018 டிசம்பர் 19 அன்று, தெற்கு நியூ ஜெர்சியில் 16 வயது கறுப்பின மல்யுத்த மாணவனிடம், 'லாக்ஸ்' எனப்படும் சடைகளை வெட்டிக்கொள், இல்லாவிட்டால் போட்டியிலிருந்து விலகு என்றார் நடுவர். அரங்கிலேயே கத்தரிக்கோலால் வெட்டினார்கள். பையன் அப்படியே இறங்கி ஜெயித்தான். அந்த வீடியோவில் அவன் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. 2019 டிசம்பர் 19 அன்று ஆளுநர் கையெழுத்திட்ட சட்டம், முடியின் இயல்பையும் பின்னல், ட்விஸ்ட், லாக்ஸ் போன்ற அமைப்புகளையும் வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. 'கிரவுன்' சட்டம் என்று பெயர். கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் அதே வருடம் முந்திக்கொண்டன. கிரீடம் என்று அவர்கள் பெயர் வைத்தது தற்செயல் இல்லை.

அத்தை சொன்ன கதைகளில் மகளுக்குப் பிடித்தது அமெரிக்காவின் தெற்கே உள்ள லூசியானாப் பெண்களுடையது. 1786-ல், அந்த இடம் ஸ்பெயினின் கையில் இருந்தபோது, ஆளுநர் மிரோ ஓர் உத்தரவு போட்டார்: கறுப்பின, கலப்பினப் பெண்கள் தலையை நகைகளாலும் இறகுகளாலும் அலங்கரிக்கக் கூடாது, துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். தாழ்ந்தவர்கள் என்று அடையாளம் தெரிவதற்காக. அந்தப் பெண்கள் கட்டினார்கள். பளிச்சென்ற நிறத்தில், விலையுயர்ந்த துணியில், கிரீடம் போல உயரமாகச் சுற்றிக் கட்டினார்கள். பார்த்தவர் கண் அகலவில்லை. என் மகள் என் பழைய சுங்குடி தாவணியை அப்படிச் சுற்றிக்கொண்டு வீடெல்லாம் நடப்பாள்.

2022-ல் மறுபடி மதுரை. போவதற்கு முன்பே வாராவாரம் வீடியோவில் என் அம்மாவுக்கு அலசும் முறையைக் காட்டியிருந்தேன். அவர் அகலப் பல் சீப்பு வாங்கி வைத்திருந்தார்! நுனியிலிருந்து ஆரம்பித்தார். பேத்தி பேசிக்கொண்டே இருந்தாள், அழவில்லை. "பஞ்சு கணக்கா எவ்ளோ மெதுவா இருக்கு" என்றார் அம்மா, தனக்குத்தானே.

நல்ல தமிழ்ச் சொல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். சங்கப் பாட்டில் ஆற்று மணலின் வரிவரியான நெளிவைக் கூந்தலுக்குச் சொல்வார்கள், அறல் போல் கூந்தல் என்று. அழகுதான், ஆனால் அது நெளிமுடி, என் மகளுடையது அது இல்லை. 'சுரி' என்ற சொல் கிடைத்தது. சங்குக்குள் சுற்றிச் சுற்றிப் போகுமே, அந்தச் சுருள். சுரிகுழல் என்று பழைய பாட்டில் வரும். ராமேஸ்வரத்தில் வாங்கிய சங்கைக் காட்டிச் சொன்னதும் அவள் அதை ஒரு பக்கமும் தன் சுருளை ஒரு பக்கமும் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படி நான் தேடித் தேடி எடுத்துக் கொடுத்த சொல்லைவிட அவள் தானாக எடுத்துக்கொண்டது வேறு. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர், நல்ல மனுஷிதான், வாசலில் நின்று "ஏன் கண்ணு, தலைய இப்படிப் பரட்டையா விட்டுருக்க?" என்று கேட்டார். நான் உள்ளேயிருந்து ஓடி வருவதற்குள் என் மகள் சொல்லிவிட்டாள்: "பரட்டைதான் ஆன்ட்டி. எங்க நானா குடும்பத்து முடி. நல்லா இருக்குல்ல?" அவர் ஒரு நிமிடம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு, கொண்டா தொட்டுப் பாக்கறேன்" என்றார். "கேட்டுட்டுத்தான் தொடணும், இப்ப கேட்டீங்க, தொடலாம்" என்றாள்.

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். நாலு வருடமாக அந்தச் சொல்லை வீட்டைவிட்டு விரட்டிக்கொண்டிருந்தவள் நான். அவள் அதைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்துவிட்டாள். நம் மொழியில் சொற்கள் மேலும் கீழும் போய்க்கொண்டேதான் இருக்கின்றன. மயிர் என்று வள்ளுவர் கூச்சமில்லாமல் எழுதிய சொல்லை இன்று திட்டுவதற்கென்று வைத்திருக்கிறோம். கீழே போன சொல் மேலேயும் வரலாம். ஆனால் அவளுக்குப் பதிலாக அதை நான் செய்திருக்க முடியாது.

அந்த அக்டோபரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வு ஒன்று செய்தியில் வந்தது. முடியை நேராக்கும் ரசாயனங்களை ஒரு வருடத்தில் நாலு தடவைக்கு மேல் போட்டுக்கொண்ட பெண்களில், 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடியவர்கள் 4.05 சதவீதம் என்றும், போடாதவர்களில் 1.64 சதவீதம் என்றும் கணக்கிட்டிருந்தார்கள். அத்தை அதை இரண்டு தடவை வாசித்தார். 1969-ல், 21 வயதில், நியூயார்க்கின் ஹார்லெமிலிருந்து பரவிய 'பிளாக் இஸ் பியூட்டிஃபுல்' (கறுப்பு அழகு) அலையில் அவரும் முடியை நேராக்காமல், இயல்பான சுருளோடு வட்டமாக நிற்கும் ஆஃப்ரோ வைத்திருந்தார். அவருடைய அம்மா அதைப் பார்த்து அழுதாராம். 1972-ல் அலுவலக வேலை கிடைத்ததும் நேராக்கிக்கொண்டார். ஐம்பது வருடம். வேரில் முளைப்பதை ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரசாயனத்தால் அமுக்கி அமுக்கி, தன் முடி எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டது என்றார்.

நேராக்கிய பாகத்தை வெட்டிவிட்டார். மிச்சமிருந்தது இரண்டு அங்குலம், வெள்ளை வெளேரென்று. முதல் நாள் தொப்பியைக் கழற்ற மறுத்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். மகள் சோபாவில் மேலே உட்கார, அத்தை கீழே தரையில் மெத்தை போட்டு உட்கார்வார். தண்ணீர்ப் பாட்டில், கண்டிஷனர், கிளிப் நாலு. போன வாரம் நான் தேநீர் கொண்டுபோனபோது மகள் பிடரிப் பக்கத்தில் இருந்தாள். இடது கையால் வேரைப் பிடித்திருந்தாள். "கிச்சன்ல மெதுவா" என்றார் அத்தை. "தெரியும் நானா" என்றாள் அவள், கண்ணை எடுக்காமல்.